ஓதம் யார் தலையில்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதில் ரொம்ப சந்தோஷம். நான் வராததற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன் உன் திருச்சி வீட்டு விஷயம். 'குடியிருப்பவர்கள் ஈரத்துணியை உள்ளேயே காயப்போடுகிறார்கள், சுவரில் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும், நான் ஏன் செலவு செய்யணும்' என்று எழுதியிருந்தாய். எங்கள் ஹவுஸ் ஓனரும் முதலில் இதையேதான் சொன்னார். நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்களோ என்று நினைத்தேன்.

எங்கள் படுக்கையறை மூலையில், கூரையை ஒட்டி, உள்ளங்கை அளவுக்கு ஓதம், அதாவது சுவரில் ஊறிய ஈரம், தெரிந்தது ஆவணியில். ஓனரிடம் ரிப்பேர் என்று போனால் வாடகையை ஏற்றுவாரோ என்ற பயத்தில், மர பீரோவை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டு மறைத்துவிட்டேன். அது என் தப்பு. ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்குப் போக பீரோவைத் திறந்தால் நனைந்த சாக்கு நாற்றம். சரோஜாவின் கூறைப்புடவை மடிப்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. பின்பலகையை விரலால் அழுத்தினேன், உள்ளே போனது. அன்று முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஓனர் வாசற்படியில் நின்றே பார்த்துவிட்டு, 'ஜன்னலைத் திறந்து வையுங்க சார்' என்றார். அப்புறம் ஒரு பெயின்டரை அனுப்பி, பட்டி பார்த்து ஒரு கோட் அடித்தார். பதினைந்தே நாளில் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிக் கொட்டியது. உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே என்ன பூசினாலும் அந்தக் கதிதான்.

கடைசியில் ஒரு பிளம்பர் பையன்தான் வழி காட்டினான். மேல்வீட்டு பாத்ரூமில் தண்ணீர் போகும் துளையைத் துணியால் அடைத்து, சொட்டு நீலம் கலந்து ராத்திரி முழுக்கத் தண்ணீரைத் தேக்கினான். மறுநாள் சாயங்காலம் எங்கள் மூலையில் லேசான நீலக் கோடு. அதற்குமேல் யாரும் ஈரத்துணியைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மேல்வீட்டுக்கு வேறு ஓனர். டைல்ஸைப் பெயர்த்து வாட்டர்ப்ரூஃபிங் செய்யும் செலவு யாருடையது என்று அவரும் இவரும் ஒரு மாதம் மல்லுக்கட்டினார்கள். நீ காதுகுத்துக்குக் கூப்பிட்டது, ஒருவழியாக வேலை நடந்த வாரம்தான். வீடு முழுக்க சிமென்ட் தூசி.

நம் மாநிலத்தின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் கட்டட ரிப்பேர், பைப் மாற்றுவது, சுவருக்கு வெள்ளையடிப்பது எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், வாஷ்பேசின், சுவிட்ச், பூட்டு போன்றவை குடியிருப்பவர் பாடு. குடியிருப்பவரே உடைத்துச் சேதமானால் அது வேறு கணக்கு. ஓனர் செய்ய மறுத்தால் நாமே செய்து வாடகையில் கழிக்கவும் இடமிருக்கிறது. ஆனால் அந்த வழியில் போவதற்கு முன் எழுத்தில் கேட்டிருப்பது நல்லது. நான் ஆவணியிலேயே ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தால், 'ரெண்டு மாசம் ஏன் சொல்லலை' என்ற அவர் கேள்விக்கு வாயடைத்து நின்றிருக்க மாட்டேன். புடவைக்கு நஷ்டஈடு கேட்க எனக்கு முகமில்லை.

உன் சுவருக்கு வருகிறேன். ஈரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று நீ எழுதவேயில்லை. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை ஏறியிருந்தால் நிலத்து ஓதம். மேலிருந்து இறங்கினால் கசிவு. இரண்டுக்கும் அவர்கள் துணி காரணமில்லை. காற்றோட்டமில்லாத மூலையில் மட்டும் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தால் நீ சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அப்போதும் அங்கே ஜன்னல் வைக்காதது யார் என்று கேட்பேன்.

தை பிறந்ததும் திருச்சிக்கு வருகிறேன். அங்கே குடியிருக்கும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வை, சுவரைத் தட்டிப் பார்க்கணும்.

அன்புடன்,
முரளி