ஒற்றைக் குழாயின் வலிமையும் விமான இறக்கையின் வலிமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எஃகைக் காட்டிலும் நூறு மடங்கு வலிமையுள்ள கார்பன் நானோ குழாய்களால் (கார்பன் அணுக்களாலான, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய குழாய்கள்) வருங்கால விமானங்களும் விண்கலங்களும் கட்டப்படும் என்று கூறும் கட்டுரையைத் தங்கள் அறிவியல் பக்கத்தில் படித்தேன். அந்த ஒப்பீட்டுக்கு ஆதாரம் உண்டு; ஆனால் அளக்கப்பட்டது எது என்பதைக் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

2000ஆம் ஆண்டில், ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர்கள் கொண்ட நானோ குழாய்களை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், அவை 11 முதல் 63 கிகாபாஸ்கல் வரையிலான தகைவில் (ஓர் அலகுப் பரப்பின் மீதான இழுவிசை; கிகாபாஸ்கல் அதை அளக்கும் அலகு) அறுபடுவதாகக் கண்டனர். கட்டுமான எஃகு பெரும்பாலும் ஒரு கிகாபாஸ்கலைக்கூட எட்டுவதில்லை என்பதால், நூறு மடங்கு என்ற பேச்சு எழுந்ததில் வியப்பில்லை. எனினும் அந்தச் சோதனையில் அறுந்தது வெளிச்சுவர் மட்டுமே. உள்ளே இருந்த சுவர்கள் உறையிலிருந்து உருவிய வாளைப் போல வழுக்கி வெளியே வந்துவிட்டன. கணக்கிடப்பட்ட வலிமையும் அந்த ஒரு சுவருக்கு உரியதுதான்.

இறக்கைக்கான பலகையைச் செய்வதென்றால், இத்தகைய குழாய்களைக் கோடிக்கணக்கில் எபாக்சி என்னும் இறுகும் பிசினுக்குள் பரப்பியாக வேண்டும். அவை ஒன்றையொன்று ஈர்த்துக் கட்டிகட்டியாகத் திரண்டுகொள்கின்றன. அளவைச் சற்றுக் கூட்டினாலே பிசின் கூழாகி, பலகையில் வழக்கமாக அடுக்கப்படும் கார்பன் இழைகளின் இடுக்குகளில் இறங்க மறுக்கிறது. இதையெல்லாம் கடந்தாலும், பிசின் தாங்கும் பாரம் குழாய்க்கு முழுமையாக மாறாமல் இரண்டும் சந்திக்கும் பரப்பில் வழுக்கிப்போகிறது. போயிங் 787 விமானத்தின் எடையில் பாதியளவு உள்ள கூட்டுப்பொருள்களுக்கு (பிசினும் இழையும் சேர்ந்து இறுகியவை) இன்றும் வழக்கமான கார்பன் இழைதான் முதுகெலும்பு என்பதற்கு இவையே முக்கியக் காரணங்கள் என்பது என் கருத்து.

இதனால் நானோ குழாய் பயனற்றது என்று பொருளல்ல. 2011இல் வியாழனை நோக்கி ஏவப்பட்ட ஜூனோ விண்கலத்தின் சில பாகங்களில் நானோ குழாய்த் தாள் பதிக்கப்பட்டது. அது மின்சாரத்தைக் கடத்துவதால், கருவிகளைக் கெடுக்கக்கூடிய நிலைமின்னூட்டம் தேங்காமல் காப்பதே அங்கு அதன் வேலை, பாரம் தாங்குவதன்று. பாரம் தாங்கும் பணிக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால், 2017 மே மாதம் நாசா வாலப்ஸ் தளத்திலிருந்து ஆய்வு ராக்கெட்டில் அனுப்பிச் சோதித்த வாயு அழுத்தக் கலனைச் சொல்லலாம். அதன்மேல் நானோ குழாய் நூல் சுற்றப்பட்டிருந்தது. அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் பிரையன் வார்டிலின் குழுவினர் வேறு வழியில் சென்று, கார்பன் இழை அடுக்குகளுக்கு இடையே குழாய்களைப் பயிர்போல நெட்டுக்குத்தாக நிறுத்தி, அடுக்குகள் பிரிந்துபோகாதபடி ‘தைக்க’ முயன்றுள்ளனர். கூட்டுப்பொருளின் பழைய பலவீனம் அந்த இடுக்கில்தான் இருக்கிறது என்பதால், எனக்கு அதிக நம்பிக்கை தருவது இந்த முயற்சியே.

இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, தரப்படும் வலிமை எண் தனிக் குழாய்க்கு உரியதா, திரித்த நூலுக்கு உரியதா, பிசினோடு இறுகிய பலகைக்கு உரியதா என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி