மாப்ள, விதை நெல்லு சேதி ஒண்ணு

மாப்ள,

நல்லா இருக்கியா, தங்கச்சி புள்ளைங்க எல்லாம் சௌக்கியமா. ஏழு மாசமா ஒரு வரி கூட எழுதல, கோவமாத்தான் இருப்ப. நெட்டு இல்ல, கரண்டு இல்லன்னு சொல்லலாம், அதுவும் பொய் இல்ல, ஆனா எழுத உக்காந்தாலே புலம்பலா வருது, உன்னையும் எதுக்கு கலங்கடிக்கணும்னு விட்டுட்டேன். இன்னிக்கு நல்ல சேதி இருக்கு. போன ஞாயித்துக்கெழம முனீஸ்வரர் கோயில்ல கூட்டம் போட்டு முடிவு பண்ணிட்டோம், மடப்பள்ளிக்கு மேல பலகை அடிச்சு மச்சு கட்டி ஊரு விதைய எல்லாம் அங்க வைக்கப்போறோம். வீட்டுக்கு ரெண்டு கூடை நெல்லு, அதோட உளுந்து. மிளகாய் பாட்டியே சரின்னு கையத் தூக்கிருச்சுடா!

ஏன் இவ்ளோ குதிக்கிறான்னு கேப்ப. 2023 அக்டோபர்ல இங்க பர்மாவுல நம்ம பெகு பக்கம் வெள்ளத்துல முங்கினப்ப போன்ல பேசினோமே, பாதியில கட் ஆயிடுச்சு, முழுசா சொல்லவே இல்ல. கதிர் வர்ற நேரத்துல பயிரு தண்ணிக்குள்ள கெடந்து அழுகிப்போச்சு, சரி, நெல்லு போனா உளுந்து இருக்குன்னு நெனச்சேன். நம்ம பக்கம்தான் தெரியுமே, தண்ணி வடிஞ்ச ஈரத்துலயே உளுந்த வெதச்சுட்டா மேல மழையே வேணாம், வேர் முடிச்சு மண்ணுக்கு உரமும் போடும், அடுத்த நெல்லுக்கு யூரியா கொஞ்சம் கம்மியா வாங்கலாம். ஆனா வீட்டுல கட்டி வச்சிருந்த விதை உளுந்து மூட்டையும் நனைஞ்சு ஊறி மொளச்சு நாறிப்போச்சு. ஊர்ல எல்லா வீட்டுலயும் அதே கதி. எல்லாரும் ஒரே உயரத்துல ஒரே மாதிரி மூட்டையா வச்சிருந்தோம், வேற என்ன ஆகும்? கடன் வாங்கி வெளிய விதை வாங்கினேன், கலப்பட விதை, ஒரு செடி காய்ஞ்சு வெடிக்கிறப்ப பக்கத்துச் செடி இன்னும் பூவுல நிக்குது. அந்த வருஷம் கண்ணுல தண்ணி வந்துருச்சு மாப்ள.

அப்பதான் பொகலே ஊரு மச்சான் நெனப்பு வந்துச்சு. 2008 மே 2 நர்கிஸ் புயல். அவரு பொழச்சதே பெருசு, ஐராவதி முகத்துவாரத்துல லட்சத்துக்கு மேல சனம் போச்சே. அதுக்கப்புறம் அவரு சொன்னது அன்னிக்கு எனக்குப் புரியல. குளம் உப்பு, வயலு உப்பு, எருமை இல்ல, அரிசி மூட்டை வந்து எறங்குது, சாப்புட்டோம், ஆனா மழைக்கு முன்னால போட விதை இல்ல, வந்த விதையும் அந்த மண்ணு தண்ணிக்கு ஒத்து வரலன்னு. சோறு குடுத்தா பசி ஒரு வேளைக்குப் போகும், விதை போனா ஒரு வருஷமே போயிருது.

இப்ப எனக்கும் பெரியவனுக்கும்தான் சண்டை. மச்சுல ஒரே ரகம் வைக்கணும்கிறான், நாலு மாசத்துல அறுக்குறது, வியாபாரியும் அதத்தான் கேக்குறான்னு. அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, நாட்டுல காசு இருக்குற லட்சணத்துக்கு சீக்கிரம் கையில பணம் வந்தாத்தான் கடன அடைக்க முடியும், டீசல் வெலையும் உனக்குத் தெரியும். ஆனா நம்ம பவ்சான் நெல்லு வேற கணக்கு, நீ கொஞ்சம் லேட்டா நட்டாலும் பகல் குறையுறதப் பாத்து அது தன் பருவத்துக்குப் பூத்துரும். அவன் கேக்குற குட்ட ரகம் அப்படி இல்ல, நட்ட நாளுல இருந்து நாள் எண்ணும், ஆனா முதல் நடவு வெள்ளத்துல போனா ரெண்டாவதா போட அதுதான் கை குடுக்கும். ரெண்டும் வேணும்னு தொண்ட கட்டுற வரைக்கும் கத்தினேன். கடைசில வாத்தியார் எழுந்து இன்னொண்ணும் சொன்னாரு, கோயிலே முங்கினா என்ன பண்ணுவீங்கன்னு. அவரு சொன்னதுக்கப்புறம் பாதிய மேட்டுல இருக்குற பக்கத்து ஊர்ல சம்பந்தி வீட்டுல வைக்கிறதா ஆச்சு.

உங்க தாத்தா ரங்கூன் மில்லுல வேல பாத்த காலத்துல உலகத்துலயே அதிகமா அரிசி ஏத்துமதி பண்ணது நம்ம பர்மாதான். 1942ல ஜப்பான்காரன் வந்து கப்பல் நின்னுச்சு, மறு வருஷம் வங்காளத்துல பஞ்சம், அதுக்கு இதுவும் ஒரு காரணம். தூரத்துல இருந்து வர்ற ஒரே மூட்டைய நம்பினா இதுதான். 2025 மார்ச் 28 பூகம்பத்துல மாண்டலே, சகாயிங் எல்லாம் இடிஞ்சு கெடந்தப்ப அந்த வடக்குப் பக்கத்துல இருந்து வர்ற வெங்காயத்துக்கு இங்க நாங்க லாரிய எதிர்பாத்து நின்னோம். அப்புறம்தான் உங்க தங்கச்சி கொல்லையில வெங்காயம் போட்டுருக்கா.

சரி, அத்தைகிட்ட ஒரு விஷயம் கேட்டு எழுது. ஆத்துப் பக்கம் தாழ்வுல அவங்க போடுவாங்களே, தண்ணி ஏற ஏற கூடவே ஏறி நிக்கும், செவப்பு அரிசி, அந்த நெல்லுக்குப் பேரு என்ன? இங்க பெருசுங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லுதுங்க. மண் குடத்துல விதை கட்டுறப்ப சாம்பல கீழ போடுவாங்களா மேலயா, நொச்சி எலையா வேப்பிலையா, அதையும் கேளு. மெதுவா உக்கார வச்சு கேளு, அவசரப்படுத்தாத. பேரு தெரிஞ்சா கரேன் சனங்க இருக்குற ஊருங்கள்ல தேடிப் பாக்குறேன், அங்க யாராச்சும் இன்னும் வச்சிருப்பாங்க.

மச்சு வேல வர்ற வெள்ளிக்கெழம ஆரம்பம். நீ அங்க இருந்து அனுப்புற அத்தோ நூடுல்ஸ் போட்டோ இனிமே வேணாம், அது அத்தோவே இல்ல. பதில் போடு.