வாக்குத்தத்த வசனமும் வாசிக்கப்படாத அதிகாரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 31 இரவு ஆலயத்தில் கூடி, கடந்த ஆண்டுக்காக நன்றி செலுத்தி, புதிய ஆண்டுக்கென ஒரு வாக்குத்தத்த வசனத்தைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புவது தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே வேரூன்றிவிட்ட வழக்கம். அவ்வழக்கத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால், அட்டையில் அச்சிட்ட அந்த ஒற்றை வசனமும், அதையொட்டிக் கைப்பேசியில் வந்து குவியும் 'இது உங்களுக்கு இரட்டிப்பான ஆசீர்வாதத்தின் ஆண்டு' என்பது போன்ற தீர்க்கதரிசனச் செய்திகளுமே நம்மில் பலருக்கு ஆண்டு முழுவதற்குமான ஆவிக்குரிய ஆகாரமாகிவிட்டன என்பது கவலைக்குரியது.

அத்தகைய அட்டைகளில் அடிக்கடி இடம்பெறும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். கர்த்தர் நம்மேல் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்னும் அவ்வசனம், பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் நடுவில் இருக்கிறது. அதற்கு முந்தைய வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பே திரும்பிவருவீர்கள் என்கிறது. அதாவது, அக்கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டிருந்த பெரியவர்களில் பெரும்பாலோர் தாய்நாட்டை இனிக் காணப்போவதில்லை. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், சிறைப்பட்டுப்போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபியுங்கள் என்று சொல்லி, உடனடி விடுதலையை எதிர்பார்த்திருந்தவர்களை நீண்ட பொறுமைக்கு அது பழக்குகிறது. உங்கள் நடுவிலிருக்கிற தீர்க்கதரிசிகளிடம் மோசம்போகாதிருங்கள் என்ற எச்சரிக்கையும் அதே கடிதத்தில், மூன்றே வசனங்களுக்கு முன்னால் இருக்கிறது. அதை அட்டையில் அச்சிட யாரும் துணிவதில்லை.

அந்த எச்சரிக்கையின் பின்னணி முந்தைய அதிகாரத்தில் விளங்கும். இரண்டு வருஷத்துக்குள் பாபிலோன் ராஜாவின் நுகம் முறிக்கப்படும் என்று அனனியா என்பவன் ஆலயத்திலேயே, ஆசாரியர்களுக்கும் ஜனங்களுக்கும் முன்பாக, கர்த்தரின் பெயராலேயே அறிவித்தான். அதற்கு எரேமியா முதலில் சொன்ன பதில், 'ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக' என்பது. அந்தச் செய்தி மெய்யாக வேண்டும் என்ற விருப்பம் அவருக்கும் இருந்தது. ஆயினும், சமாதானத்தை முன்னறிவிக்கிறவனின் வார்த்தை நிறைவேறும்போதே அவன் கர்த்தரால் அனுப்பப்பட்டவனென்று விளங்கும் என்று கூறி, அந்த விருப்பத்தையே சான்றாகக் கொள்ளாமல் விலக்கி நிறுத்தினார். பாபிலோனுக்கு அடிபணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா தம் கழுத்தில் அணிந்திருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தபோதும் அவர் அங்கே வாதாடிக்கொண்டிராமல் தம் வழியே போய், கர்த்தரின் வார்த்தை கிடைத்த பின்பே திரும்பி வந்து பேசினார். சில ஆண்டுகளில் எருசலேம் வீழ்ந்தது, ஆலயமும் எரிக்கப்பட்டது. ஆவிக்குரிய முதிர்ச்சி என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேதத்தில் அதிகம் இல்லை என்பது என் கருத்து.

நன்மை தீமையைப் பகுத்தறியும் திறன் பயிற்சியினால் வருவது என்று எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் (5:14) கூறுகிறது. பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே வேதவாக்கியங்களோடு தினந்தோறும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அதற்காக நற்குணசாலிகள் என்று பாராட்டப்பட்டார்கள். கொரிந்து சபையில் தீர்க்கதரிசனம் சொல்லுகிறவர் பேசும்போது மற்றவர்கள் அதை நிதானிக்க வேண்டும் என்பதும் அப்போஸ்தலரின் கட்டளை. இன்றோ, கேள்வி எழுப்புகிறவரிடம் 'அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே' என்ற வசனம் நீட்டப்படுகிறது. அவ்வசனம் இடம்பெறும் 105ஆம் சங்கீதத்தை முழுவதும் வாசித்தால், ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர் அந்நியராய் அலைந்த நாட்களில் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்கு இடப்பட்ட கட்டளை அது என்பது புலப்படும். சபை மக்களின் வாயை அடைப்பதற்கு அதில் இடமில்லை.

2020ஆம் ஆண்டு பிறந்தபோது நான் கேட்ட ஆசீர்வாத அறிவிப்புகள் எதிலும் மார்ச் மாதத்தில் நாடு முழுவதும் அடைக்கப்படும் என்றோ, ஏப்ரலில் பூட்டிய ஆலயங்களோடு ஈஸ்டர் வந்துபோகும் என்றோ ஒரு சொல்லும் இல்லை. வருத்தம் என்னவென்றால், அடுத்த ஆண்டும் அதே குரல்களை நாம் எந்தக் கேள்வியுமின்றிக் கேட்டோம்.

தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கச் சொல்லுகிறார். எனவே எல்லாரையும் சந்தேகிப்பதும் முதிர்ச்சியாகாது. சபைகளின் பொறுப்பிலுள்ளவர்களிடம் என் வேண்டுகோள் எளியது. புத்தாண்டு இரவில் வாக்குத்தத்த வசனம் கொடுக்கப்படும்போது அது இடம்பெறும் அதிகாரம் முழுவதும் வாசிக்கப்படட்டும். சென்ற ஆண்டு மேடையில் அறிவிக்கப்பட்டவை டிசம்பரில் சபையார் முன்னிலையில் மறுபடியும் வாசித்துப் பார்க்கப்படட்டும். இளைஞர்களைச் சபையின் முழு உறுப்பினராக்க ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்புகளில் மனப்பாட வசனங்களைக் குறைத்தாவது, ஒரு நிருபத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை வாசிக்க அவர்கள் பழக்கப்படட்டும்.

இப்படிக்கு,
திருச்சபை உறுப்பினர் ஒருவர்,
பாளையங்கோட்டை