தூக்குமரத்தில் வலப்பக்கம் திரும்பு

அன்புள்ள சேகர்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்து விஷயத்தில் உன் வீட்டுக்காரம்மா சொல்வதைக் கேள். எனக்கு முட்டிவலி. மாடி ஏறுவதையே விட்டுவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் பழைய ஆங்கிலக் கதைப்பாடல்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் ராஜாவும் சாமானியனும் வழியில் சந்திக்கிற பாட்டுகள் ஒரு கட்டு இருக்கின்றன. நம் கதை ராஜாக்கள் மாறுவேடத்தில் நகர்சோதனை போவார்கள். இவர்கள் வேட்டைக்குப் போன இடத்தில் யாரிடமாவது வம்பில் மாட்டிக்கொள்கிறார்கள்.

டாம்வொர்த் தோல்காரன் பாட்டைக் கேள். பதனிடுகிற மாட்டுத்தோலைக் குதிரைமேல் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வருகிறான். ராஜா நான்காம் எட்வர்டு அவனிடம் டிரேட்டன் பேசட் என்ற ஊருக்கு வழி கேட்கிறார். "முதல் தூக்குமரம் வரும், அங்கே வலப்பக்கம் திரும்பு" என்கிறான். ஆளைப் பார்த்ததும் திருடன் என்று முடிவுகட்டிவிட்டான். குதிரையை மாற்றிக்கொள்ளலாமா என்கிறார் ராஜா. நல்ல குதிரை ராஜாவுடையது, ஆனால் மேல்காசு கேட்கிறவன் தோல்காரன்! வாங்கியும் விடுகிறான். தன் தோலைத் தூக்கி ராஜாவின் சேணத்தில் போட்டு ஏறுகிறான். கொம்பும் வாலுமாகத் தொங்குவதைக் கண்டு குதிரை மிரண்டு ஓட, ஆள் கீழே. திருப்பி மாற்றிக்கொள்ள இப்போது மேல்காசு கேட்பது ராஜாவின் முறை.

அப்புறம் ராஜா கொம்பு ஊதுகிறார், பரிவாரம் ஓடி வருகிறது. தோல்காரனோ, இவன் கூட்டாளிகள் என் மாட்டுத்தோலைத் திருட வருகிறார்கள் என்று அலறுகிறான். எல்லாரும் மண்டியிட்டதும்தான் விஷயம் உறைக்கிறது. பட்டம் கொடுக்கக் கழுத்தணி கொண்டு வரச் சொன்னால், கழுத்தணிக்கு அடுத்தது கயிறுதான், நாளைக்குத் தூக்கு என்று நடுங்குகிறான்.

சேகர், இந்த நடுக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மான்ஸ்ஃபீல்டு மாவு ஆலைக்காரன் பாட்டிலும் இதேதான். இரவு தங்க வந்தவரிடம், பேன் உண்டா, சிரங்கு உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் ஆலைக்காரன் மகன் தன் பக்கத்தில் படுக்க விடுகிறான். வந்தவர் இரண்டாம் ஹென்றி. சாப்பாட்டில் அவர் காட்டிலேயே திருடிய மான்கறி. அதற்கு 'லைட்ஃபுட்' என்று செல்லப்பெயர், துள்ளுகாலன் என்று வைத்துக்கொள். ராஜாவுக்குத் தெரியக்கூடாது என்று அவரிடமே சொல்கிறார்கள்! மறுநாள் ராஜா வாளை உருவியதும் ஆலைக்காரனுக்குக் கை கால் ஓடவில்லை. உருவியது நைட் பட்டம் கொடுக்கத்தான். ஆனால் பயம் வெறும் கோமாளித்தனம் இல்லை. மானுக்காக யாரும் உயிரோ உறுப்போ இழக்கக்கூடாது என்று காட்டுச் சாசனத்தில் எழுதவே 1217 ஆனது. ஹென்றி செத்தது 1189-ல்.

கடைசியில் ஆலைக்காரனுக்கு ஷெர்வுட் காட்டின் மேற்பார்வை வேலை, வருஷத்துக்கு 300 பவுண்டு. இந்தப் பரிசெல்லாம் பாட்டை முடிக்கப் போட்ட முடிச்சு, அவ்வளவுதான். தோல்காரனின் பதில் மரியாதைதான் எனக்குப் பிடித்தது: டாம்வொர்த் பக்கம் வந்தால் உன் செருப்புக்கு மாட்டுத்தோல் ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்கிறான் ராஜாவிடம்.

தாமஸ் பெர்சி 1765-ல் அச்சிட்ட தொகுப்பில் இரண்டும் இருக்கின்றன. அவருக்குக் கிடைத்த பழைய கையெழுத்துப் பிரதியை, ஒரு வீட்டில் வேலைக்காரிகள் கிழித்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்களாம். என் பிரதியை உனக்கு அனுப்புகிறேன். எழுத்து ரொம்பப் பொடி, கண் தேறும்வரை திறக்காதே.

அன்புடன்,
ராமு