பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: அந்தப் படிவத்தில் நான் ஏன் கையெழுத்திடவில்லை

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களுக்கும், பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கும்,

வணக்கம்.

போன கூட்டத்தில் நம் எல்லோர் கையிலும் ஒரு படிவம் கொடுக்கப்பட்டது. பொதுத்தேர்வு முடியும்வரை இரவு நேரத்தில் பிள்ளையிடம் போன் கொடுக்க மாட்டேன், வீட்டில் ஓடிடி சந்தாவை நிறுத்திவிடுகிறேன், 'ஏ' சான்றிதழ் பெற்ற படங்களையும் '16+' என்று குறித்த தொடர்களையும் என் பிள்ளை பார்க்காதபடி கவனித்துக்கொள்கிறேன் என்று அதில் உறுதி கூற வேண்டும். பலர் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். என் மகள் உங்கள் பிள்ளைகளோடு பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் ஏன் கையெழுத்திடவில்லை என்பதை உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஒரு சிக்கலைப் பிரித்துவிடலாம். பரீட்சை நேரத்தில் தூக்கமும் படிப்பும் கெடக்கூடாது என்பது ஒரு விஷயம். பதினாறு, பதினேழு வயதில் பெரியவர்களுக்கான கதைகளைப் பார்க்கலாமா என்பது வேறு விஷயம். படிவம் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது. முதல் விஷயத்தில் எனக்கு உங்களோடு எந்த வேறுபாடும் இல்லை. எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கு எல்லா போனும் ஹாலுக்கு வந்துவிடும், என்னுடையதும் சேர்த்து. இரவு இரண்டு மணிவரை கார்ட்டூன் பார்த்தாலும் மறுநாள் கணக்கு வகுப்பில் தூக்கம்தான் வரும். அதற்கும் 'ஏ' சான்றிதழுக்கும் தொடர்பில்லை. என் மறுப்பெல்லாம் இரண்டாவது விஷயத்தைப் பற்றியது.

அந்த '16+' குறியை ஏதோ தடைப் பலகை போலப் படிவம் எழுதியிருக்கிறது. அது தடை இல்லை. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள்தான் ஓடிடி தளங்களில் 7+, 13+, 16+ என்று யு/ஏ பிரிவுகளை ஏற்படுத்தின. வன்முறை, மோசமான சொற்கள், பாலியல் காட்சி, போதைப்பொருள் என்று எது இருக்கிறது என்பதையும் தொடக்கத்திலேயே காட்டச் சொன்னது அதே விதிதான். 13+ முதல் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் பெற்றோர் பூட்டு போடும் வசதி இருக்க வேண்டும். 2023-இல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தியபோது தியேட்டர் படங்களுக்கும் அதே மூன்று பிரிவுகள் வந்தன. யு/ஏ என்றால், பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம். அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக்கூட அது தடை இல்லை. தாய் தகப்பன் யோசித்து முடிவெடுங்கள் என்று சட்டம் நம்மிடம் விட்டிருக்கிறது. நம் பிள்ளைகளில் பலரோ பதினாறைத் தாண்டியவர்கள். சட்டம் நம்மை நம்பிக் கொடுத்த முடிவை ஏன் ஒரு படிவத்திடம் ஒப்படைக்க வேண்டும்?

'ஏ' சான்றிதழ் வேறு. அது பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்தான். தியேட்டரில் அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனாலும் உள்ளே விடக்கூடாது. 2025-இல் 'கூலி' படத்துக்கு 'ஏ' கிடைத்தது. அதை மாற்றிக் கொடுக்கக் கேட்டுத் தயாரிப்பு நிறுவனம் போட்ட மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. சில வாரங்களில் அதே படம் ஓடிடிக்கு வந்துவிட்டது. இப்போது வாசலில் டிக்கெட் கிழிப்பவர் நாம்தான். அங்கே சட்டத்தின் பக்கமே நிற்க வேண்டும் என்று ஒரு பெற்றோர் சொன்னால் நான் அதை மதிக்கிறேன். என் மகளுக்கும் 'ஏ' படங்களை நான் பொதுவாகப் போட்டுக் காட்டுவதில்லை. ஆனால் '16+' என்பதையும் 'ஏ' என்பதையும் ஒரே வரியில் எழுதித் தடுப்பது, சட்டம் பார்த்துப் பார்த்துப் பிரித்ததை நாம் கலைப்பதாகும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. இரவு எட்டு மணிக்கு நம் வீட்டு டிவியில் என்ன ஓடுகிறது? சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள், கர்ப்பிணியைப் படிக்கட்டில் தள்ளிவிடுகிறார்கள், கணவன் அறைந்ததும் மனைவி அவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். சீரியலுக்கு முன்தணிக்கை கிடையாது. சினிமாவுக்குக் கொடுப்பது போன்ற வயதுச் சான்றிதழும் கிடையாது. ஐந்து வயதுக் குழந்தையும் பாட்டி மடியில் உட்கார்ந்து பார்க்கிறது. அடி வாங்கியவள் மன்னிப்புக் கேட்கும் கதை பிள்ளைகளைக் கெடுக்காது, அடித்தவன் மேல் அவள் போலீசில் புகார் கொடுக்கும் '16+' தொடர் கெடுக்கும் என்று நாம் முடிவு செய்திருக்கிறோம். எனக்கு இது சரியாகப் படவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது செய்யாற்றுப் பக்கம். கோடை வந்தால் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவு முழுக்கக் கூத்து. துகில் அன்றைக்கு, நிறைந்த சபையில் ஒரு பெண்ணின் சேலையைப் பிடித்து இழுப்பதை விடிய விடிய ஆடுவார்கள். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் பேசுகிற பேச்சை இந்த மடலில் எழுத முடியாது. கடைசியில் படுகளம். மண்ணால் பெரிதாகச் செய்த துரியோதனன் கிடப்பான்; அவன் தொடையைப் பீமன் பிளப்பான்; அந்த ரத்தத்தைத் தொட்டுப் பாஞ்சாலி தலை முடிவாள். இதையெல்லாம் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தவர்கள் பிள்ளைகள்தான். பக்கத்தில் பாட்டியும் அத்தையும் இருப்பார்கள். பாஞ்சாலி கேட்கிற கேள்விக்குப் பெரியவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று நாங்கள் கேட்போம். வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் அந்தப் பேச்சுதான். பீஷ்மர் செய்தது சரியா என்று என் பெரியம்மாவும் அம்மாவும் சண்டையே போட்டிருக்கிறார்கள். இந்தக் காலத் தொடர் எதைவிடவும் அது மென்மையான கதை என்று யாரும் சொல்ல முடியாது. அதை நாங்கள் தாங்கிக்கொண்டதற்குக் காரணம், தனியாகப் பார்க்கவில்லை என்பதுதான்.

நம் பிள்ளைகள் இன்று தனியாகப் பார்க்கிறார்கள். என் கவலை அங்கேதான் இருக்கிறது. ஓடிடியைப் பூட்டிவிட்டால் பார்ப்பது நிற்காது. டெலிகிராமில் திருட்டுப் பிரதி கிடைக்கிறது. அதில் வயதுக் குறியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, பூட்டும் இல்லை. அதைவிட மோசம் ரீல்ஸ். எட்டுப் பகுதியாக வரும் ஒரு நல்ல தொடரில் ஒருவன் இன்னொருவனை வெட்டினால், வெட்டுப்பட்டவன் வீட்டில் என்ன ஆயிற்று, வெட்டியவன் எப்படி உருக்குலைந்தான் என்று மீதிப் பகுதிகள் சொல்லும். ரீல்ஸில் அந்த வெட்டு மட்டும், பின்னணியில் ஒரு பாட்டோடு, முப்பது விநாடி வருகிறது. முழுக் கதையைத் தடுத்துவிட்டுத் துண்டுகளை மட்டும் உள்ளே விடுகிறோம்.

படிவத்தை எதிர்ப்பதால் எதையும் பார்க்கட்டும் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆபாசப் படம் வேறு, பெரியவர்களுக்கான கதை வேறு. முதலாவதற்கு என் வீட்டில் இடமில்லை. ஏன் இல்லை என்பதையும் மகளிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். பலாத்காரத்தை வேடிக்கையாகக் காட்டுகிற தொடர் ஓடினால், பாதியில் நிறுத்தச் சொல்வேன். தம்பி தங்கை அறையில் இருக்கும்போது '16+' ஓடக் கூடாது.

சில கதைகள் சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஆகாது. 2017-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த '13 ரீசன்ஸ் வொய்' என்ற அமெரிக்கத் தொடரில், பள்ளி மாணவி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொள்வதை விரிவாகக் காட்டியிருந்தார்கள். மனநல மருத்துவர்களும் பெற்றோரும் கடுமையாக எதிர்த்தார்கள். 2019-இல் அந்தக் காட்சியை நெட்ஃபிளிக்ஸே நீக்கியது. வீட்டில் அண்மையில் ஒரு சாவைப் பார்த்த பிள்ளை, ஏற்கெனவே மனம் சோர்ந்திருக்கிற பிள்ளை, மார்க்கை நினைத்து ராத்திரி அழுகிற பிள்ளை இதைப் போன்ற ஒன்றைத் தனியாகப் பார்ப்பது ஆபத்துதான். அப்படிப்பட்ட பிள்ளையின் தாயாக இருந்தால் நானும் தடுப்பேன். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்பது வீட்டுக்குத் தெரியுமே தவிர, எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்த படிவத்துக்குத் தெரியாது.

இனி சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். இந்தத் தடை யார் மேல் விழுகிறது? எங்கள் கூட்டுக் குடும்பத்தில் என் மகளும் என் கொழுந்தனார் மகனும் ஒரே வயது. அவன் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு என்ன பார்க்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. "ஆம்பளப் பையன், வெளியில தெரிஞ்சுக்கத்தானே போறான்" என்று விட்டுவிடுகிறார்கள். மகள் ஹாலில், எல்லோர் முன்னும், ஒரு குற்றப் புலனாய்வுத் தொடர் பார்த்தால் மாமியார் ரிமோட்டை வாங்கிவிடுகிறார். உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கதை என்று எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் வாசலில் நின்று நாம் பேசிக்கொண்டதுதான். இந்தப் படிவம் கையெழுத்தானால், நடைமுறையில் அது பெண் பிள்ளைகள் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்குவதற்கான இன்னொரு காகிதம். பையன்கள் மாடிக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் பையன்களுக்குத்தான் இந்தப் பேச்சு அதிகம் தேவை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். காதலித்துச் சேர்ந்து ஊரைவிட்டுப் போன பதின்வயது ஜோடிகளில், பையன் மேல் அந்தச் சட்டத்தில் வழக்கு வருவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றமே இதைப் பேசி, அந்த வயது வரம்பைப் பதினாறாக்குவது பற்றி யோசிக்கச் சொன்னது. இன்னொரு பக்கம், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பதினாறு வயது முடிந்தவன் கொடுங்குற்றம் செய்தால் சிறார் நீதி வாரியம் ஆராய்ந்து பார்த்து அவனைப் பெரியவர்களைப் போலவே விசாரிக்க அனுப்பலாம் என்கிறது. செய்ததன் விளைவு பதினாறு வயதில் தெரிந்திருக்கும் என்று சட்டம் எதிர்பார்க்கிற இடங்கள் உண்டு. அந்த விளைவை அவனுக்கு யார் சொன்னார்கள்? பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மனித இனப்பெருக்கமும் இனப்பெருக்க நலமும் தனிப் பாடங்களாக இருக்கின்றன. "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று வகுப்பில் புரட்டிவிடுகிற வழக்கம் நம் காலத்திலிருந்தே இருக்கிறது. வீட்டில் நாமும் புரட்டிவிடுகிறோம்.

மகளோடு சேர்ந்து ஒரு தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பையன், தான் விரும்பும் பெண்ணின் போனை வாங்கி, யார் யாரோடு பேசினாள் என்று பார்க்கிறான். மகள் அங்கே நிறுத்திவிட்டு, தன் தோழி ஒருத்தியிடம் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டைக் கேட்டு ஒருவன் இதே மாதிரி அடம்பிடிக்கிறான் என்றாள். "பாசத்துலதானே கேக்குறான்னு அவ சொல்றாம்மா, அப்படியா?" அதற்கப்புறம் இரண்டு நாள் எங்கள் வீட்டில் அதே பேச்சு. அவள் அப்பா ஒன்று சொன்னார், நான் ஒன்று சொன்னேன், அவள் எங்கள் இருவரையும் மறுத்தாள். மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து 'உன் தோழிகளுக்குள் என்ன நடக்கிறது' என்று கேட்டிருந்தால் ஒரு வார்த்தை வந்திருக்காது. அந்தத் தொடருக்கு '16+' குறி இருந்தது.

அடுத்த ஜூன், ஜூலையில் இவர்களில் பாதிப் பேர் ஹாஸ்டலில் இருப்பார்கள். கோயம்புத்தூரோ சென்னையோ, அறைக்கு நான்கு பேர், ஆளுக்கொரு லேப்டாப். பதினெட்டு முடிந்ததும் ஓட்டுரிமையும் வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து 'இது தப்புடா' என்றோ, 'எனக்கும் இதற்குப் பதில் தெரியலம்மா' என்றோ சொல்ல நமக்கு இருப்பது இந்த ஒரு வருடம்தான். அதைச் சந்தாவை ரத்து செய்வதில் செலவழிக்க எனக்கு மனமில்லை.

தலைவர் அவர்களுக்கு என் வேண்டுகோள்: படிவத்தில் இரவு நேர போன் பற்றிய வரியை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நான் இன்றே கையெழுத்திடுகிறேன். மற்ற இரண்டு வரிகளையும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு திறந்து வயது வரம்பு வைப்பது, பின் நம்பர் போடுவது, தொடக்கத்தில் வருகிற எச்சரிக்கையைப் படிப்பது இதெல்லாம் நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் செய்து காட்டட்டும், நானும் வருகிறேன். அந்தக் கூட்டத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து நான்கைந்து மாணவிகளையும் மாணவர்களையும் அழையுங்கள். அவர்களைப் பற்றிய தீர்மானத்தை இதுவரை யாரும் அவர்களிடம் காட்டவில்லை.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்