சர்ஜரி போஸ்டிங் முடிந்தது, நன்றி சொல்ல நேரம் கிடைக்கவில்லை

அன்புள்ள சீஃப் சார், அசிஸ்டன்ட் மேடம், மேற்படிப்பு படிக்கும் பிஜி அண்ணன், பிஜி அக்கா, வார்டு சிஸ்டர்கள், ஓடி (ஆபரேஷன் தியேட்டர்) அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரத்தோடு எனக்கு சர்ஜரி போஸ்டிங் முடிந்தது. லாக் புக்கில் கையெழுத்து வாங்க வந்த அன்று சொல்ல நினைத்ததில் கால்வாசிகூட வாயில் வரவில்லை. அன்றைக்கென்று பார்த்து அட்மிஷன் டே, எங்கள் யூனிட்டில் புது நோயாளிகளைச் சேர்க்கிற நாள். சார் ஓடிக்குள் இருந்தார், பிஜி அக்கா காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தார், "சரிம்மா, நல்லா பண்ணு" என்று நிமிராமலே சொல்லி அனுப்பிவிட்டார். அதனால்தான் இந்த மடல். ஆஸ்பத்திரிப் பெயரையும் உங்கள் பெயர்களையும் போடவில்லை, போட்டால் முதலில் என்னைத் திட்டப்போவது நீங்கள்தான். படிக்கிறவர்கள் தென்மாவட்டத்தில் ஏதோ ஒரு அரசு மருத்துவக் கல்லூரி என்று வைத்துக்கொள்ளட்டும்.

வெளியில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. எம்பிபிஎஸ் நாலரை வருடம் முடிந்ததும் ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. பேப்பரில் பயிற்சி மருத்துவர் என்று போடுவார்கள், வயதானவர்கள் ஹவுஸ் சர்ஜன் என்பார்கள், எங்களுக்குள் சிஆர்ஆர்ஐ. 2021-இல் வந்த விதிப்படி அந்த 52 வாரங்களில் கம்யூனிட்டி மெடிசினுக்கு 12, பிரசவப் பக்கம் 7, ஜெனரல் சர்ஜரிக்கு 6. அந்த 6 வாரத்தில் யாரும் சர்ஜன் ஆகிவிட முடியாது. நரம்பில் லைன் போடுவது, ரத்தம் எடுப்பது, டிரெஸ்ஸிங், பிளட் பேங்குக்கு ஓடுவது, ரிப்போர்ட் வாங்கி வருவது, இதற்கே நாள் சரியாகப் போய்விடும். நோயாளிகளுக்கு நாங்கள் "சின்ன டாக்டர்". பெண்ணாக இருந்தால் அதுவும் கிடையாது, கழுத்தில் ஸ்டெத் தொங்கினாலும் "சிஸ்டர்"தான். (முதல் வாரம் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் விட்டுவிட்டேன்.)

நான் கோவில்பட்டிப் பக்கம். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. ஆறாவதில் இருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததே, அதில் உள்ளே வந்த முதல் பேட்ச். எங்களுக்குக் கல்லூரியில் ஒரு பட்டப்பெயர்கூட இருந்தது, "செவன் பாயிண்ட் ஃபைவ்". பாசமாகச் சொன்னவர்களும் உண்டு, வேறு மாதிரி சொன்னவர்களும் உண்டு. அதைவிடப் பெரிய பிரச்சினை இங்கிலீஷ். பாடம் புரியும், பரீட்சை எழுதிவிடுவேன், ஆனால் ரவுண்ட்ஸில் பத்துப் பேர் நடுவில் நின்று ஒரு கேஸை வாயால் சொல்லச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

முதல் ரவுண்ட்ஸில் அதுதான் நடந்தது. குடலிறக்க கேஸ், நானே காலையில் பார்த்துவைத்த தாத்தா, எல்லாமே எனக்குத் தெரியும். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. அன்று மத்தியானம் கேன்டீனில் பிஜி அக்கா தன் தட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்து உட்கார்ந்து, "அந்த தாத்தாவுக்கு என்ன பிரச்சினைன்னு உங்க அம்மாகிட்ட சொல்ற மாதிரி சொல்லு" என்றார். சொன்னேன். எத்தனை நாளாக வீக்கம், இருமினால் பெரிதாகிறதா, படுத்தால் உள்ளே போகிறதா, மூட்டை தூக்குகிற வேலையா, ஒன்றும் விடவில்லை. "இதுதான் பிரசன்டேஷன். வரிசை சரியா இருக்கு. இப்போ இதையே மாத்திச் சொல்லு, வார்த்தை வரலைன்னா தமிழ்லயே போட்டுட்டு மேல போ, நிக்காதே." அதற்கப்புறம் தினமும் ரவுண்ட்ஸுக்கு முன்னால் காலை ஆறரைக்கு வார்டு வாசலில் ஒரு கேஸ் கேட்பார். அக்கா, அந்த ஆறரை மணிக்கு நீங்கள் தூங்கி எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது என்று அப்போது எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. நீங்களும் மாணவிதானே, உங்களுக்கும் தீசிஸ் இருந்தது, பரீட்சை இருந்தது. முந்தின நாள் காலையில் வந்தவர் அன்று சாயங்காலம்தான் ரூமுக்குப் போவீர்கள். (இந்த டியூட்டி நேரத்தைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. நன்றி மடலில் வேண்டாம்.)

அடுத்து முடிச்சு. பிஜி அண்ணன் ஒரு பழைய நீடில் ஹோல்டரும் (தையல் ஊசியைப் பிடிக்கிற கருவி), காலாவதியான சில்க் நூல் கொஞ்சமும் கொடுத்து, "ஹாஸ்டல் கட்டில் கம்பியில தினம் நூறு முடிச்சு போடு" என்று சொல்லிவிட்டார். ஒற்றைக் கையில் போடுகிற முடிச்சு. வேகமாக வந்துவிட்டது, எனக்கே ஆச்சரியம். சின்ன வயதில் இருந்து பூ கட்டுகிற கை ஆயிற்றே. ஒரு வாரத்தில் நான் ரொம்பக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு அவர் முன்னால் சரசரவென்று போட்டுக் காட்டினேன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் நூலின் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். மொத்தமும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பழகின கை ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகவே சுற்றியிருக்கிறது. முதல் சுற்று ஒரு பக்கம் என்றால் அடுத்தது எதிர்ப்பக்கம் படுக்க வேண்டும், அப்போதுதான் அது தட்டையாக உட்கார்ந்து இறுகும். ஒரே பக்கம் விழுந்தால் பார்க்க முடிச்சு மாதிரி இருக்கும், ரத்தக்குழாயில் போட்டால் ராத்திரி நழுவும். பூவுக்கு அது போதும், சாயங்காலம் வாடிவிடப்போகிறது. பழகின விரலைப் பழகாததாக்க எனக்கு இன்னும் இரண்டு வாரம் பிடித்தது. அண்ணன் தினமும் வந்து ஒரு முனையை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். வழுக்காத அன்று மட்டும் "ம்" என்றார்.

நாலாவது வாரம் சைக்கிளில் இருந்து விழுந்து தலை கிழிந்த ஒருவர் வந்தார். ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, கழுவி, கையில் நீடில் ஹோல்டரைக் கொடுத்துவிட்டு அண்ணன் என் பின்னால் நின்றுகொண்டார். ஐந்து தையல். கை நடுங்கியது. என் கையை நகர்த்திவிட்டுத் தானே போட்டுவிடாமல் கடைசி வரை அங்கேயே நின்றார் பாருங்கள், அதற்குத்தான் இந்த நன்றி. அவர் போட்டிருந்தால் மூன்று நிமிடம். நான் போட்டது இருபது நிமிடம், வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள்.

இப்போது சொல்லப்போவதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது வாரம், அட்மிஷன் டே, ராத்திரி பத்து மணி இருக்கும். பக்கத்துப் பக்கத்து பெட்டில் இரண்டு பேர். ஒருவருக்கு சர்க்கரைப் புண் முற்றி மறுநாள் முழங்காலுக்குக் கீழே கால் எடுக்க வேண்டும், இன்னொருவருக்கு மூலத்தில் ரத்தம் போய்ப் போய் ஆள் வெளுத்திருந்தார். இரண்டு பேருக்கும் ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். நான் இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தேன், இரண்டு ஊதா மூடி டியூபையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன், மேஜையில் போய் உட்கார்ந்து பெயர் எழுதி ஒட்டினேன். நடுவில் ஒரு போன் வந்தது, எடுத்துப் பேசினேன். அவ்வளவுதான் நடந்தது.

பிளட் பேங்கில் இருந்து குரூப் வந்ததும் பிஜி அண்ணன், கால் எடுக்க இருந்தவரின் பழைய டிஸ்சார்ஜ் ஷீட்டைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அதில் ஓ பாசிட்டிவ். இப்போது வந்திருந்தது பி பாசிட்டிவ். டியூபில் பெயரை நான் மாற்றி ஒட்டியிருக்கிறேன். ஓ குரூப்காரருக்கு பி ரத்தம் ஏறினால் அது உடம்புக்குள்ளேயே உடையும், கிட்னி போகும், ஆளும் போகலாம். இதைப் புத்தகத்தில் மூன்று தடவை படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு வார்டு நடுவில் நின்றபோது கால் இரண்டும் என்னுடையது இல்லை போல இருந்தது.

அண்ணன் கத்தவில்லை. இரண்டு டியூபையும் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு, என்னோடு கூடவே வந்து நின்று, இரண்டு பேரிடமும் மறுபடி எடுக்கவைத்தார். எடுத்த இடத்திலேயே, ஊசி குத்தின கைக்குப் பக்கத்திலேயே பெயர் எழுதவைத்தார். அப்புறம், "காலைல சார்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா கம்ப்ளெயின்ட் ஆயிடும்" என்றார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, தூங்கவும் நேரம் இல்லை என்பது வேறு விஷயம்.

சீஃப் சார், காலையில் உங்கள் ரூமில் நான் சொல்லி முடித்ததும் நீங்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் கோவில்பட்டிக்கு பஸ் ஏறி வீட்டுக்கே போய்விட்டேன், மனசுக்குள். அப்புறம் நீங்கள் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியைப் பக்கத்து பெட்டுக்குக் கொண்டுபோனதையும், ஒரு சிஸ்டர் கையைப் பிடித்து நிறுத்தியதையும் சொன்னீர்கள். அந்தக் கதையை நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. யூனிட் சீஃப் தன் தப்பை ஒரு சிஆர்ஆர்ஐயிடம் சொல்வதை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. பிறகு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, யார் செய்தது என்றே சொல்லாமல், இனிமேல் டியூபில் பெட் பக்கத்திலேயே எழுத வேண்டும், "நீங்க முருகனா?" என்று கேட்கக் கூடாது, "உங்க பேர் என்ன?" என்று கேட்க வேண்டும் என்றீர்கள். நம்ம ஊர்ப் பெரியவர்கள் டாக்டர் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவார்கள், அந்தத் தலையாட்டலை நம்பாதீர்கள் என்றும் சொன்னீர்கள். இப்போது வேறு போஸ்டிங்கில் இருக்கிறேன், இன்னும் அப்படித்தான் கேட்கிறேன். இரண்டு பேர் தப்பான பெட்டில் படுத்திருந்ததைக் கண்டுபிடித்தும் இருக்கிறேன் சார்.

அசிஸ்டன்ட் மேடத்துக்கு ஒரு தனி வணக்கம். அந்த குடல் ஓட்டை கேஸ் வந்த ராத்திரி, மணி இரண்டு. அசந்து தூங்கிக்கொண்டிருந்தவளை "இதைப் பார்க்காம தூங்காதே" என்று அண்ணன் எழுப்பிக் கூட்டிப்போய் நோயாளியின் வயிற்றில் என் கையை வைத்தார். பலகை மாதிரி என்று படித்தது நிஜமாகவே பலகை மாதிரி இருந்தது. நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே பிறை மாதிரி கறுப்பாகக் காற்று. ஒரு மணி நேரத்தில் ஓடிக்குப் போய்விட்டோம். கத்தி வைப்பதற்கு முன்னால் எல்லோரும் அவரவர் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று 2008-இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த செக்லிஸ்டில் ஒரு வரி இருக்கிறது. மூன்று மணிக்கு, அவசர கேஸில், அதை யார் பார்க்கப்போகிறார்கள். மேடம் பார்த்தார். என் முறை வந்தபோது "சிஆர்ஆர்ஐ" என்றேன். முகக்கவசத்துக்கு மேலே கண்ணை மட்டும் தூக்கி, "பேர் இல்லையா உனக்கு?" என்றார். பெயரைச் சொன்னேன். அப்புறம் ஒன்றரை மணி நேரம் வயிற்றை விரித்துப் பிடிக்கிற ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நின்றதில் தோள்பட்டை விட்டுப்போயிற்று. ஆனால் நடுவில் மேடம் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார், "இங்கே பாரு, ஓட்டை தெரியுதா, இப்போ கொழுப்புப் படலத்தை இழுத்து மேல வச்சு கட்டப்போறேன்" என்று ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே செய்தார். நீங்கள் என்னிடம் பேசினீர்கள் என்பதால்தான் மேடம் நான் மயங்கி விழவில்லை. நிஜமாகவே விழுகிற நிலையில் இருந்தேன்.

செப்டிக் வார்டு சிஸ்டர் அம்மாவை விட்டுவிட்டால் அடுத்த தடவை என்னை வார்டுக்குள் விட மாட்டார். சர்க்கரைப் புண்ணைக் கட்டுப் பிரிக்கும்போது மூக்கைச் சுளிக்காமல் இருப்பது எப்படி என்று யாரும் பாடம் எடுப்பதில்லை. அவர் எடுத்தார். காய்ந்துபோன பஞ்சைப் பிய்க்காமல் சலைன் ஊற்றி ஊறவைத்துக் காத்திருக்க வேண்டும், அது வரைக்கும் அவர்களிடம் வீட்டுக்கதை கேட்க வேண்டும். "நீ பேசினா அந்த ஆள் உன் மூஞ்சியைப் பார்ப்பான், புண்ணைப் பார்க்க மாட்டான்." அங்கே பதினாலாம் நம்பர் பெட்டில் இருந்த தாத்தாவுக்கும் என் நன்றி. மூன்றாவது தடவையும் நரம்பு கிடைக்காமல் நான் வெளியே போய் யாரையாவது கூப்பிட்டு வருகிறேன் என்றபோது, "இந்தக் கையில பாரு தாயி, இதுல நல்லா ஓடும்" என்று மறு கையை நீட்டினார். கிடைத்தது. இருபத்திரண்டு கேஜ், நீல நிற வென்ஃப்ளான் ஊசி, இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அம்மாவிடம் ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னேன், டியூப் விஷயம் உட்பட. முடிச்சு விஷயத்தில்தான் அம்மாவுக்கு ஆர்வம். ஊருக்குப் போனபோது போட்டுக் காட்டச் சொன்னார், காட்டினேன், வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டாவது முயற்சியிலேயே போட்டுவிட்டார். முனையை இழுத்துப் பார்த்தேன், வழுக்கவில்லை.

அண்ணா, உங்கள் நீடில் ஹோல்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மறக்கவில்லை. ஹாஸ்டலில் கீழ் ரூம் ஃபைனல் இயர் பெண் ஒருத்தி, அவளும் அரசுப் பள்ளிதான், கேட்டாள் என்று கொடுத்திருக்கிறேன். நேற்று போய் முனையை இழுத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவளும் பூ கட்டுகிறவள் போலிருக்கிறது. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், அவளுக்கு வந்ததும் நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சிஆர்ஆர்ஐ
(பெயர் இருக்கிறது மேடம், இங்கே வேண்டாம் என்றுதான்)