ஒரே வீட்டில் ஒரு குடிமகன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் கட்டப்படும் புது வீடுகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் படித்தேன். அப்படி ஒரு வீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன். முன்பு நாங்கள் இருந்தது பத்துக்குப் பத்து அறை, ஒரு மழை பெய்தால் தூக்கம் போய்விடும். இப்போது கான்கிரீட் வீடு, உள்ளேயே கழிப்பறை. செய்து கொடுத்தவர்களுக்கு எங்கள் நன்றி உண்டு. ஆனால் வீட்டுக்குள் இருக்கிறவர்கள் யார், எந்த நாட்டுக்காரர்கள் என்பதை அந்தச் செய்தியில் யாரும் கேட்கவே இல்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்பாவும் அம்மாவும் 1983 கலவரத்துக்குப் பிறகு, 1984-இல் படகில் வந்து இறங்கியவர்கள். அண்ணன் 1986-இல் பிறந்தான், நான் 1989-இல், தங்கை 1992-இல். மூன்று பேருமே தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில்தான் பிறந்தோம். குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். அண்ணன் அதில் வருகிறான். இது அவனுக்கே 36 வயதில்தான் தெரியும். 2022-இல், மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதே, அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் அம்மா டிரங்குப் பெட்டியில் இருந்து அவனுடைய பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தார். பிறகு அலையாய் அலைந்து, இப்போது அவனிடம் பாஸ்போர்ட்டும் வாக்காளர் அட்டையும் இருக்கின்றன. நான் மூன்று வருஷம் பிந்திப் பிறந்தேன். பி.காம். முடித்துவிட்டுப் பெயிண்ட் வேலை பார்க்கிறேன், அரசு வேலைக்கு விண்ணப்பம் போடக்கூட முடியாது. வேலைக்காகக் கேரளா போனாலும், அரசு எங்களுக்கு மாதாமாதம் தரும் உதவிப் பணமான பணக்கொடையைக் கொடுக்கும் நாளில் முகாமில் கணக்கெடுப்புக்கு வந்து நின்றாக வேண்டும்.

தங்கையின் கதை இன்னும் மோசம். அவள் பக்கத்து ஊர்க்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் பரம்பரையாக இங்கேயே விவசாயம் பார்க்கும் குடும்பம். இவர்களுக்கு 2011-இல் ஒரு மகள் பிறந்தாள். தகப்பன் இந்தியர், பிள்ளை இந்தியாவில் பிறந்திருக்கிறது, அப்புறம் என்ன என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். 2003-இல் சட்டத்தைத் திருத்தியபோது, உரிய பயண ஆவணம் இல்லாமல் வந்தவர்களைச் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அப்படிப்பட்டவர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழியும் அடைபட்டது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறக்கும் குழந்தைக்கு, தாய் தகப்பனில் ஒருவர் அந்தக் கணக்கில் இருந்தாலே பிறப்புக் குடியுரிமை கிடையாது. என் தங்கை எங்கிருந்தும் குடியேறவில்லை, இங்கேதான் பிறந்தாள். ஆனாலும் அவளை அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள், அவள் மூலமாக இப்போது மகளையும்.

எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இதில் ஒரு கூடுதல் வேதனை உண்டு. எங்கள் தாத்தா புதுக்கோட்டைச் சீமையில் இருந்து இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூட்டை பிரிக்கிற மாதிரி மனிதர்களைப் பிரித்தார்கள், தாத்தாவை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. அவர் இந்தியாவுக்கே விண்ணப்பம் கொடுத்திருந்தார். முடிவு வருவதற்குள் 1977 கலவரத்தில் வவுனியாவுக்கு ஓடினார்கள், 1983-க்குப் பிறகு படகு ஏறினார்கள். அந்த ஒப்பந்தப்படி கப்பலில் வந்து இறங்கியிருந்தால் தாயகம் திரும்பியவர்கள், படகில் வந்ததால் அகதிகள். இன்றைக்கு எங்கள் முகாமில் இருந்து தாத்தா பிறந்த ஊருக்கு டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான்.

2019-இல் வந்த திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளில் இருந்து 2014-க்குள் வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அந்தச் ‘சட்டவிரோதக் குடியேறி’ பட்டத்தை நீக்கியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. மதம் பார்த்துப் பிரித்ததே தவறு என்பது என் கருத்து. எங்களைச் சேர்ப்பதற்காக இன்னொருவரை வெளியே நிறுத்தும் சட்டத்தை நாங்கள் கேட்கவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை இருக்காது என்று. சரி, ஜெயில் பயம் போயிற்று. ஆனால் அதனால் யாரும் குடிமகன் ஆகிவிடவில்லை.

100-க்கும் மேற்பட்ட முகாம்களில் 55,000-க்கும் அதிகமானோர் இருக்கிறோம். 2021-இல் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் என்று பணக்கொடையை உயர்த்தினார்கள். அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு அரசு மனம் வைத்துக் கொடுப்பது, நாளைக்கு நின்றுபோனால் எந்த உரிமையில் போய்க் கேட்பது? எங்கள் தொகுதியில் ரோடு சரியில்லை என்றால் ஊர்க்காரர்கள் எம்எல்ஏவை மறிப்பார்கள். நாங்கள் மனு எழுதிக்கொண்டு வரிசையில் நிற்போம்.

மத்திய அரசிடம் கேட்பது இதுதான்: பதிவு பெற்ற அகதிகளிடம் இருந்து ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற பெயரை எடுத்துவிட்டு விண்ணப்பிக்க வழி திறக்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளையும், 1964 ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்பதாகச் சொன்னவர்களின் வாரிசுகளையும் முதலில் எடுக்க வேண்டும். மாநில அரசு ஒவ்வொரு முகாமிலும் 1987-க்கு முன் பிறந்தவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் ஒவ்வொருவரும் கோர்ட்டுக்குப் போகாமலே பாஸ்போர்ட்டும் ஓட்டும் கிடைக்க உதவ வேண்டும்.

எங்கள் வீட்டில் எட்டுப் பேர், ஓட்டு ஒன்று. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அண்ணன் எங்கள் எல்லாருக்காகவும் இதைக் கேட்பான். உங்கள் வாசகர்களும் அவரவர் வாசலில் கேட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
முகாம்வாசி ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம்.)